பொலி சொல்லாத காலை

விஜயலெட்சுமிக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் என்று மூங்கில் தோட்டம் என்ற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளின் குழாயடிக்கு அவள் குடத்தோடு வந்தால் வரிசையில் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்காவிட்டால் குடம் முழங்காலில் இடிக்கும். ரொட்டி சுடும்போதே தேங்காய் திருவுவாள், தேங்காய் திருவும்போதே புருஷனைத் திட்டுவாள். "ஒரே நேரத்துல மூணு வேல செய்வா, அதுல ரெண்டு என்னையத் திட்றது" என்பான் இராமையா. அவளுக்கு வைத்த பட்டப்பெயர் மெனிக்கே. பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயிலின் பெயர் அது. மலையில் வளைந்து வளைந்து ஏறும்போது அந்த ரயில் எவ்வளவு நிதானமாகப் போகும் என்று பட்டம் வைத்தவன் யோசித்துப் பார்க்கவில்லை. வாயில் வந்ததை வைத்துவிட்டான்.

அந்தத் தோட்டத்தில் பொலி சொல்லாமல் யாரும் கொழுந்தில் கை வைப்பதில்லை. தேயிலை நிற்கும் நிலத்துக்கு அங்கே மலை என்று பேர். ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். காலையில் மலை ஏறி எல்லாரும் அவரவர் நிரையில் நின்றதும், முதல் நிரைக்காரி "பொலி! பொலியோ பொலி!" என்று குரல் கொடுப்பாள். இன்றைக்குக் கொழுந்து பொலியட்டும் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கைகள் ஓடும். முதல் நிரை விஜயலெட்சுமியுடையது. இரண்டாம் நிரை பக்கத்து வீட்டு ரெங்கம்மாவுடையது. ரெங்கம்மாவுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் சாயங்காலம் நிறுக்கும்போது பெரிய வித்தியாசம் இருக்காது. அது விஜயலெட்சுமிக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் இருந்தது. பொலி சொன்னதும் பறிக்கிற முதல் கைப்பிடியை இவள் அவள் கூடையில் போடுவாள், அவள் இவள் கூடையில் போடுவாள். பிறகுதான் யார் முந்தி என்ற கதையெல்லாம்.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் பாதிக் கூடையாவது நிரப்பிவிட வேண்டும் என்று விஜயலெட்சுமி குதித்துக்கொண்டு நின்றாள். ஏழாம் நம்பர் மலையின் ஓரத்து மரத்தில் ஒரு பருந்து சும்மா உட்கார்ந்திருந்தது. அதை அவள் கண்டாள். கோழிக்குஞ்சு தேடி வந்திருக்கும் என்று நினைத்தாள். மலையே மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"இருடி, வெத்தல போட்டுக்கிறேன்" என்றாள் ரெங்கம்மா.

"நீ மென்னு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு நெரைய முடிச்சிருவேன்" என்று சொல்லி விஜயலெட்சுமி பொலியைக் கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பருந்து, மரத்தில் தொங்கிய குளவிக் கூட்டைப் பிய்த்துத் தின்னப் பாய்ந்தது. கூடு கலைந்தது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் விஜயலெட்சுமி ஓடினாள். அவள் எதிலும் முன்னால்தான். மலையைக் குறுக்கே அறுத்துப் போகும் தண்ணீர்க் கானைத் தாண்டும்போது ரெங்கம்மா விழுந்துவிட்டாள். விஜயலெட்சுமி திரும்பிப் பார்த்தபோது ரெங்கம்மாவைத் தெரியவில்லை, குளவிதான் தெரிந்தது. ஓடியவள் ரெங்கம்மாவிடம் திரும்பவும் ஓடிப் போனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படிப் போனதில்தான் அவள் முகமெல்லாம் கொட்டு வாங்கினாள். ஆனாலும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ரெங்கம்மா போய்விட்டாள்.

விஜயலெட்சுமிக்குக் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. வீட்டுக்கு வந்த பிறகும் தலைசுற்றல் விடவில்லை. எழுந்தால் தள்ளும். டாக்டர் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். இராமையா அவளைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக்கொடி படர்ந்த பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார வைத்தான். பிறந்ததிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்தது அப்போதுதான். முதலில் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. உள்ளே பாத்திரம் விழுந்தால் திட்டினாள், விழாவிட்டால் ஏன் வேலை நடக்கவில்லை என்று திட்டினாள். திட்டி ஓய்ந்த நேரத்தில் ரெங்கம்மாவின் "இருடி" கேட்கும். அதைக் கேட்கப் பயந்துதான் மறுபடி திட்டினாள்.

கண் மூடிக் கிடந்ததால் காதுதான் முதலில் திறந்தது. பந்தலுக்கு மேலே கொய்யா மரத்தில் ஒரு அணில் இருந்தது. நாள் முழுக்கக் கத்துகிற சனியன் என்று நினைத்தாள். பிறகு, இராமையா எதை விரட்டிக் கத்துகிறான் என்பதோடு சேர்த்துக் கேட்கக் கேட்க, அது ஒரே மாதிரிக் கத்தவில்லை என்று தெரிந்தது. பூனை வந்தால் விடாமல் கிச்சுக்கிச்சென்று பொரிந்து தள்ளும். மேலே பருந்து வந்தால் ஒரே ஒரு தடவை கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதோடு கானுக்குள் இலையைக் கிளறிக்கொண்டு சண்டை பிடிக்கும் தவிட்டுக்குருவிகளும் கப்பென்று அடங்கிவிடும். இரைச்சல் இருந்தால் எல்லாம் நலம், இரைச்சல் அடங்கினால் ஆபத்து. இத்தனை வருஷம் இதற்கு நேர்மாறாக அல்லவா நினைத்திருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கண் திறந்த பிறகு இன்னொன்றைப் பார்த்தாள். அவளுடைய சாம்பல் கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தது. தொண்டைக்குள் நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. குஞ்சுகள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் பதறி முற்றத்தில் குறுக்கே ஓடியது. பருந்து அதைத்தான் தூக்கியது. விஜயலெட்சுமி வாய்விட்டு அழுதாள். இராமையா ஓடிவந்து, "ஒரு குஞ்சுக்கா இந்த அழுக?" என்றான். அவள் அவனைத் திட்டக்கூட இல்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

மறுபடி வேலைக்குப் போனபோது அவள் பொலி சொல்லவில்லை. முடியாது என்றுவிட்டாள். அந்தக் குரலை ரெங்கம்மாவின் மகள் கலாராணி எடுத்துக்கொண்டாள். கலாராணி கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தவள். அம்மாவின் சாவுக்கு வந்து, அம்மாவின் நிரையிலேயே நின்றுவிட்டாள். கை அப்படிப் பறக்கும். சின்ன வயதிலிருந்து விஜயலெட்சுமியைச் சித்தி என்று கூப்பிட்டவள், சாவுக்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. பேச வேண்டி வந்தால் "இந்தாங்க" என்பாள், "கேக்குதுங்களா" என்பாள். சித்தி என்ற சொல் மட்டும் வராது. விஜயலெட்சுமி அதைக் கேட்டு வாங்கவும் போகவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது?

ஒவ்வொரு நிரைக்கும் முன்னால் அவள் கொஞ்சம் நின்றாள். மேலே பார்ப்பாள், கேட்பாள், பிறகுதான் கை வைப்பாள். "மெனிக்கே பழுதாகிப் போச்சு, சாமான் ரயிலாக்கிட்டாங்க" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டாள். வேடிக்கை என்னவென்றால் நிறை குறையவில்லை. நின்று பார்த்த கண்ணுக்குக் கொழுந்து தானாகத் தெரிந்தது. முற்றலைப் பறித்துத் தூர எறிகிற வேலை மிச்சமானது. ரெங்கம்மாவின் சூட்சுமம் இதுதானா என்று ஒருநாள் கூடைக்குள் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே அழவும் செய்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷத்துக் கொழுந்து பறிக்கும் போட்டி வந்தது. தோட்டத்தில் ஜெயிக்கிறவள் பதுளையில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போவாள். போன தடவை தோட்டத்தில் ஜெயித்தவள் விஜயலெட்சுமி. பதுளையில் கொஞ்சத்தில் தோற்றுவிட்டாள். இந்தத் தடவை விடுவதில்லை என்று இருந்தாள். மெனிக்கே முடிந்துபோனாள் என்று சொன்ன ஒவ்வொரு வாயும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. நிதானம் வந்துவிட்டதே தவிர, ஆசை எங்கும் போய்விடவில்லை. போட்டியன்று பொலி சொல்லும் உரிமை போன தடவை ஜெயித்தவளுக்கு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலை எடுத்தே தீருவது என்று மனதைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

ஐந்தாம் நம்பர் மலையில் போட்டி. ரோட்டிலிருந்து பார்க்க வசதி என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகைப் பக்கம் கூடாரம்; தோட்டத்து மேனேஜர் துரையும் கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகளும் நாற்காலியில் இருந்தார்கள். மலையின் நடுவில் ஒரு பெரிய வாகை மரம். அதன் உயரக் கிளைக்கடியில் குளவிக்கூடு ஒன்று தொங்கியது. எல்லாருக்கும் அது தெரியும். கூடு பாட்டுக்குக் கூடு இருக்கட்டும், நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்ப்போம் என்பது தோட்டத்து நியாயம். அந்த மரத்தடியில் வாரக்கணக்காகப் பறித்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாதது போதாதென்று, யாரோ ஒரு புத்திசாலி ஒலிபெருக்கியைக் கொண்டுபோய் அந்த வாகையிலேயே கட்டியிருந்தான். அது அலறிய அலறலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்கவில்லை.

பெண்கள் நிரைக்கு ஒருத்தியாக நின்றார்கள். கலாராணி பக்கத்து நிரையில், கையை நீட்டித் தயாராக. விஜயலெட்சுமி வழக்கம்போல மேலே பார்த்தாள். எதிர்ப்பக்கத்து மரத்தில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. அது கீழே பார்க்கவில்லை. வாகையின் உயரக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தது.

 கேட்டுப் பார்க்கலாம் என்றால் பாட்டு விடவில்லை. அப்போது கூட்டைப் பார்த்தாள். கூட்டை மூடியிருந்த குளவிகளின் மேல் ஒரு அலை மேலிருந்து கீழாக ஓடியது. திரும்பவும் ஓடியது. குளவிகளும் பருந்தைப் பார்த்துவிட்டன.

பீல்ட் ஒபிசர் கிஷாந்தன் விசில் ஊதினார். தோட்டத்திலேயே பிறந்து படித்து வந்த இளம் ஆள். முதல் தடவையாகப் போட்டி நடத்துகிறார், வேர்த்து ஊற்றியது. "அக்கா, பொலியச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

விஜயலெட்சுமியின் கை பரபரத்தது. கொஞ்ச நேர வேலைதானே என்றது மனம். பருந்து பறந்து போனாலும் போகும். பாட்டுச் சத்தத்துக்கே பயந்து போய்விடும். இன்றைக்கு விட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷத்தில் இந்தக் கை இப்படி இருக்குமா? தொண்டை வரைக்கும் பொலி வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள்.

"சொல்ல மாட்டேங்க ஐயா" என்றாள். "மொதல்ல அந்தப் பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க."

"அக்கா, துரை பாத்துக்கிட்டு இருக்காரு. வெளாட்டு இல்ல இது."

"அதான் சொல்றேன், வெளாட்டு இல்ல. பருந்து வந்திருக்கு. கூடு நெளியுது."

கிஷாந்தன் கூடாரத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். அவருக்கு அவளை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. "உங்களுக்கு ஏலாட்டி கலாராணி சொல்லட்டும். கலாராணி, நீங்க சொல்லுங்க" என்றார்.

விஜயலெட்சுமி தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றினாள். கூடையை நிரையின் நடுவில் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கூடையைக் கவிழ்த்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். பறிக்குமுன் கூடையைக் கவிழ்ப்பதை அந்த மலையில் யாரும் கண்டதில்லை. 

கலாராணிக்குக் கோபம் தலைக்கேறியது. "தோத்துருவோம்னு பயமா இருக்குங்களா?" என்று கேட்டாள். "எங்கம்மாவத்தான் கொண்டுபோயிட்டீங்க. இப்ப எனக்கும் வழி விட மாட்டீங்களா?"

இந்த வார்த்தை ஒருநாள் வரும் என்று விஜயலெட்சுமிக்குத் தெரியும். வந்தபோது, நினைத்ததைவிட வலித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஜெயிக்கணும்னுதான் வந்தேன். இப்பவும் ஆசையாத்தான் இருக்கு" என்றாள். "அன்னைக்கி உங்கம்மா இருடின்னு சொன்னா. இந்த மாதிரியே ஒரு பருந்து ஒக்காந்திருந்துச்சு, பாத்துக்கிட்டேதான் நான் பொலி சொன்னேன். நான் நிக்கல, கலா. இன்னைக்கி நிக்கிறேன். நீ சொல்லணும்னா சொல்லு. நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். என்னைய மிதிச்சுக்கிட்டுப் போய்ப் பறி."

கலாராணி வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, அந்த நேரத்தில் கிஷாந்தன் கையை உயர்த்திக் கீழே சைகை காட்டினார். பாட்டு நின்றது.

அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. காலை நேரம், வெயில் ஏறிய மலை, ஒரு குருவிச் சத்தம் இல்லை. கானுக்குள் எப்போதும் சண்டை பிடிக்கும் தவிட்டுக்குருவி ஒன்றுகூட இல்லை. எங்கேயோ ஒரு அணில் ஒரே ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதே அமைதி. அவர்களுக்கும் அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. திறந்த வாயைக் கலாராணி மெல்ல மூடினாள்.

"ஓடாதீங்க" என்றாள் விஜயலெட்சுமி, தொண்டைக்குள். "கத்தாதீங்க. சேலையத் தலையோட மூடிக்கங்க. கான் வழியா ஒவ்வொருத்தரா எறங்குங்க. கூடையெல்லாம் கெடக்கட்டும்."

இறங்கினார்கள். சாவு வீட்டில்கூட அந்தப் பெண்கள் அவ்வளவு சத்தமில்லாமல் நடந்ததில்லை. கிஷாந்தனும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவர்களோடு இறங்கினார். கலாராணி கடைசிக்கு முந்தி, விஜயலெட்சுமி கடைசி. அவள் கால்கள் ஓடு ஓடு என்று கெஞ்சின. எல்லாவற்றிலும் முந்தியே பழகிய உடம்பு அது. ஒவ்வொரு அடியையும் பிடித்துப் பிடித்து வைத்தாள். முன்னால் போகும் கலாராணியின் முதுகையே பார்த்துக்கொண்டு, இந்த முதுகு ரோட்டுக்குப் போய்ச் சேரட்டும், இந்த முதுகு ரோட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று மட்டும் நினைத்தாள். கானின் திருப்பத்தில் கலாராணிக்குக் கால் வழுக்கியது. விஜயலெட்சுமி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ரோடு வரைக்கும் பிடியை விடவில்லை.

அவர்கள் மடுவத்தடியை அடைந்தபோது பருந்து கிளம்பியது. ஒரே பாய்ச்சல். கூட்டில் பாதி பிய்ந்து கீழே விழுந்தது. மரத்தைச் சுற்றி வானம் கறுத்தது. விருந்தாளிகள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வேனுக்குள் பாய்ந்தார்கள். பெண்கள் மடுவத்துக்குள் புகுந்து கதவைச் சாத்தினார்கள். கடைசியாக உள்ளே வந்த கிஷாந்தனுக்குக் காதில் ஒரு கொட்டு. அன்றைக்கு விழுந்தது அந்த ஒரு கொட்டுதான். கதவு இடுக்கால் பார்த்தபோது, அவர்கள் நின்ற நிரைகளின் மேல் குளவிகள் சுற்றிச் சுற்றி வந்தன. வாகையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி இருந்த இடம் தெரியவில்லை. குளவி மொய்த்து ஒரு கறுப்புக் குவியலாகக் கிடந்தது.

 கலாராணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் அழுதாள். அவள் அம்மா கடைசியாக எதைப் பார்த்திருப்பாள் என்று இன்றைக்குத்தான் அவள் கண்ணால் கண்டாள். விஜயலெட்சுமி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு ஒன்றும் வரவில்லை, அதனால் சும்மா இருந்தாள். சும்மா இருக்க அவளுக்கு இப்போது தெரியும்.

போட்டி நடக்கவில்லை. பதுளைக்குத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து வேறொருத்தியை அனுப்பினார்கள். அதைக் கேட்டபோது விஜயலெட்சுமிக்கு நெஞ்சு எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அன்று ராத்திரி ரொட்டியைக் கருக்கினாள். இராமையா வாயைத் திறக்காமல் தின்றான்.

அடுத்த வாரம் ஒன்பதாம் நம்பர் மலை. பனி விலகிக்கொண்டிருந்தது. எல்லாரும் நிரையில் நின்றார்கள். வழக்கப்படி கலாராணிதான் பொலி சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. தேயிலை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் விஜயலெட்சுமியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க சித்தி" என்றாள். "நீங்க சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

 விஜயலெட்சுமி அவசரப்படவில்லை. மேலே பார்த்தாள். காதைக் கொடுத்தாள். கானுக்குள் தவிட்டுக்குருவிகள் சொத்துத் தகராறு மாதிரி சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. மரத்தில் அணில் ஏதோ ஒரு பூனையை விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. கீழே லயத்தில் ஒரு கன்றுக்குட்டி கத்தியது. மலை முழுக்க இரைச்சல். எத்தனை பெண்கள் காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

பிறகு அவள் குரல் கொடுத்தாள்.

"பொலி! பொலியோ பொலி!"

கைகள் ஓடத் தொடங்கின. விஜயலெட்சுமி குனிந்து முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்குள் முதுகில் கூடை லேசாக அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். கலாராணி தன் முதல் கைப்பிடியை அவள் கூடையில் போட்டுவிட்டு, தன் நிரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.